ஃபைபரா, ஏர்ஃபைபரா? அப்லோடு எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

“ஹலோ, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?” வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தினமும் சொல்லும் மந்திரம் இது. நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது. மொட்டை மாடியில் பெட்டி வைத்து டவரிலிருந்து எடுக்கும் வயர்லெஸ் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90 எம்பிபிஎஸ் காட்டியது. 100 தருவதாகச் சொல்லி 90 வந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அப்போதுதான் அதே திரையில் ஓரமாக இருந்த இன்னொரு எண் கண்ணில் பட்டது: அப்லோடு 4. அதுவரை நான் பார்த்தே இராத எண்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது டவுன்லோடு வேகம். படம் பார்க்க அது போதும். வேலை என்று வந்தால் உங்கள் முகம், குரல், ஸ்கிரீன் ஷேர், முடித்த ஃபைல் எல்லாமே இங்கிருந்து வெளியே போக வேண்டியவை. ஒரு எச்டி மீட்டிங்குக்குப் போக நான்கு, வர நான்கு எம்பிபிஎஸ் தடங்கலின்றிக் கிடைத்தால் போதும். 100-ஆ 300-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, அந்த நான்கு எம்பிபிஎஸ் நாள் முழுக்க நிற்குமா என்று கேளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏர்ஃபைபர் என்ற பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர, உங்கள் வீட்டுக்கு ஃபைபர் எதுவும் வராது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல் டெல்லியிலும் மும்பையிலும், செப்டம்பரில் ஜியோ சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களிலும் இதைத் தொடங்கின. டவரிலிருந்து வரும் 5ஜி சிக்னலை வெளியே மாட்டிய பெட்டி வாங்கி, கேபிள் வழியாக உள்ளே இருக்கும் ரூட்டருக்குக் கொடுக்கிறது. இங்கே 5ஜி பெரிதும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பாதையில், முறை வைத்துத்தான் நடக்கும். முறைகளில் பெரும்பங்கு டவுன்லோடுக்கு. என் அப்லோடு 4-ல் நின்றதற்கு இது ஒரு காரணம். போதாததற்கு, அதே டவரைத் தெருவில் உள்ள போன்களும் பங்கு போடும். இரவு 8 மணிக்கு மேல் வித்தியாசம் தெரியும்.

ஃபைபரும் தனி லைன் அல்ல. ஜிபான் என்ற பரவலான ஃபைபர் முறையில் ஒரு லைனில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடையும் 1.25 ஜிபிபிஎஸ் அப்லோடையும் வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனாலும் எதிர் வீட்டுக்காரர் ஒரு மாடி ஏற்றிக் கட்டி டவரை மறைத்தாலும் ஃபைபருக்கு ஒன்றும் ஆகாது. அப்லோடும் பெரும்பாலான பிளான்களில் டவுன்லோடு அளவுக்கே கிடைக்கும்.

உங்கள் தொழிலை வைத்துக் கணக்குப் போடுங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர் 20 ஜிபி ஃபைலை அனுப்ப வேண்டும். அப்லோடு 100 எம்பிபிஎஸ் என்றால் அரை மணிக்குள் முடியும். 10 என்றால் நாலரை மணி நேரம். அவருக்கு ஃபைபர் தவிர வேறு பேச்சே கிடையாது. கால் சென்டர் வேலைக்கு வீட்டில் வயர் லைனும் லேன் கேபிளும் கட்டாயம் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. ஆஃபர் லெட்டரைப் படித்துவிட்டு இணைப்பு வாங்குங்கள். மெயில், டேட்டா என்ட்ரி, ஆன்லைன் டியூஷன் என்றால் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் ஏர்ஃபைபரே போதும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஃபைபரில் மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி என்பதுதான் பரவலாக உள்ள வரம்பு. தாண்டினால் வேகம் படுத்துவிடும். ஆபீஸ் வேலைக்கு ஆயிரமே அதிகம். வீட்டில் 4கே டிவி ஓடினால் மணிக்கு 7 ஜிபி வரை போகும், அதை மறக்காதீர்கள். விலையிலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி: 599 ரூபாய் பிளானுக்குக் கையை விட்டுப் போவது 707.

ஃபைபரின் பலவீனம் கம்பத்தில் தொங்குகிறது. லாரி இழுத்துவிடும், எலி கடிக்கும், மழைநீர் வடிகால் தோண்ட வந்த ஜேசிபி ஒரே வாயில் தெருவையே துண்டித்துவிடும். வீட்டுப் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் லைன் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை. எங்கள் தெருவில் அறுந்தபோது சரிசெய்ய வந்த பையன் நடைபாதையிலேயே குந்திக்கொண்டான். மேலுறையை உரித்து, தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தான். சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் நெருங்கி வந்தன, ஒரு பொறி, ஒட்டிக்கொண்டது. வேலை பத்து நிமிடம்தான். அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆகவே ஃபைபர் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அறுந்தால் யார் வருவார், எப்போது வருவார் என்பதே. போனை எடுக்கும் ஒரு கேபிள்காரர் உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். இணைப்பு கொடுக்க வருபவரிடம் “பவர் எவ்வளவு காட்டுது?” என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்? வீட்டுப் பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். ஃபைபர் லைனை வீடுகளுக்குப் பிரித்துத் தரும் தெரு ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆபரேட்டர் பக்கம் பேட்டரி நிற்கும்வரை நெட் ஓடும். ஏர்ஃபைபரில் வெளிப் பெட்டிக்கும் சேர்த்து யுபிஎஸ் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் போன் சிக்னலும் இல்லை, கேபிளும் இல்லை. அந்த மாதிரி நாளில் லீவு சொல்லிவிடுவதுதான் வழி.

லைனை மாற்றும் முன் ஒரு சோதனை. லேப்டாப்பை ரூட்டரில் லேன் கேபிளால் நேராக மாட்டிப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால் குற்றம் லைனில் இல்லை. இரண்டு சுவர் தாண்டி வரும் உங்கள் வைஃபையில்.

என் தீர்ப்பு: தெருவுக்கு ஃபைபர் வருகிறது, பழுது பார்க்க ஆள் இருக்கிறார் என்றால் ஃபைபர்தான். கூடவே வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி என்றால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடலாம். சுவரில் துளை போட ஓனர் விடாத வாடகை வீடு, ஆறு மாதத்தில் காலி செய்யும் திட்டம், ஃபைபரே வராத ஊர் என்றால் ஏர்ஃபைபர் வாங்குங்கள். ஆனால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்கிறார்களே என்று வருடப் பிளான் கட்டிவிடாதீர்கள். புது வீட்டில் சிக்னல் இல்லாவிட்டால் பெட்டி வெறும் பெட்டிதான்.

ஏற்கெனவே இணைப்பு இருக்கிறதா? இன்று இரவு 9 மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டு, அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.