மின் துறப்பணமும் அகில மோட்டரும்: கைவிடப்பட்ட கருவியைச் சோதித்துப் பழுதுபார்த்தல்

(க.பொ.த. சாதாரண தரம் – மின்னோட்டத்தின் காந்த விளைவு, வீட்டு மின்சுற்று ஆகிய பகுதிகளுக்கான பிரயோகப் பாடம்)

மாணவர்களே, மின்மோட்டர் பற்றிய வினாவுக்குச் செவ்வகச் சுருளையும் காந்த முனைவுகளையும் பிளந்த வளையத்தையும் வரைந்து, பிளமிங்கின் இடக்கை விதியையும் எழுதிப் புள்ளிகளைப் பெற்றுவிடுவது உங்களுக்குக் கடினமன்று. ஆனால் அதே மோட்டர் ஒரு கருவியினுள்ளே இயங்காது கிடக்கும்போது எதை முதலிற் சோதிப்பீர்கள், ஏன் எனக் கேட்டால் பலர் தடுமாறுவர். பேச்சுவழக்கில் 'டிறில்' எனப்படும் மின் துறப்பணத்தை உதாரணமாகக் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண்போம்.

கொழும்பில் இக்கருவிக்குப் பஞ்சமில்லை. கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. இத்தகைய வேலைத்தலங்களில் நின்றுபோகும் துறப்பணங்கள் பழைய இரும்போடு சேர்ந்து விலைப்படுகின்றன. பஞ்சிகாவத்தை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கும் கருவிகளுட் சில யப்பானிற் பாவிக்கப்பட்டு வந்தவை. இவை யாவும் குப்பை எனக் கருதவேண்டியதில்லை. மோட்டர் எரியாமலே கைவிடப்பட்ட கருவிகள் ஏராளம். எனினும், சுழலத் தொடங்கிய கருவியெல்லாம் பாவிக்கத்தக்க கருவி எனவும் கருதலாகாது. இவ்விரண்டாவது கூற்றையே மாணவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அகில மோட்டர்

வடமுள்ள துறப்பணத்தினுள் இருப்பது அகில மோட்டர் ஆகும். ஆடலோட்டம், நேரோட்டம் இரண்டிலும் இயங்குவதால் இப்பெயர் பெற்றது. இதில் நிலையான காந்தம் இல்லை. அதற்குப் பதிலாகப் புலச் சுருள்கள் உள்ளன. மின்னோட்டம் ஒரு புலச் சுருளினூடாகச் சென்று, காபன் தூரிகை, திசைமாற்றி வழியாக ஆமேச்சரை அடைந்து, மற்றைய தூரிகை வழியாக வெளியேறி, இரண்டாவது புலச் சுருளினூடாகத் திரும்புகிறது. அதாவது எல்லாம் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இந்தத் 'தொடர்' என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள்; பழுதுபார்க்கும் முறை முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது.

ஆடலோட்டத்தின் திசை செக்கனுக்குப் பல தடவை மாறும்போது மோட்டர் ஏன் முன்னும் பின்னுமாக அதிரவில்லை? ஆமேச்சரின் மின்னோட்டம் திசை மாறும் அதே கணத்தில் புலச் சுருளின் மின்னோட்டமும், எனவே காந்தப்புலமும், திசை மாறுகின்றன. இடக்கை விதியில் நடுவிரலையும் சுட்டுவிரலையும் ஒருங்கே எதிர்த்திசைக்குத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலின் திசை மாறாது.

1889இல் மெல்பேணில் மின் துறப்பணத்துக்கு ஆக்கவுரிமை பெறப்பட்டது. 1895இல் யேர்மனியின் பெயின் நிறுவனம் கையிற் பிடிக்கும் துறப்பணத்தைச் செய்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசை ஆளியும் கொண்ட இன்றைய வடிவம் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனத்தால் 1910களிற் கொண்டுவரப்பட்டது. இவ்வாண்டுகளைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யவேண்டியதில்லை.

மின்னோட்டம் செல்லும் வழியே சோதனையின் வழி

தொடர்ச் சுற்றொன்றில் எந்த ஓரிடத்தில் முறிவு ஏற்பட்டாலும் முழுச் சுற்றும் நின்றுவிடும். எனவே கருவியைக் கழற்ற முன்னர் குதையிலிருந்து செருகியை எடுத்துவிட்டு, செருகியிலிருந்தே தொடங்குங்கள். (இச்சோதனைகளை ஆசிரியரின் அல்லது பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையிலேயே செய்யவேண்டும். மின் தொடுக்கப்பட்ட நிலையில் கருவியின் உடலைத் திறக்கலாகாது.)

13 அம்பியர் செருகியில் உள்ள உருகியைப் பல்மானியால் முதலிற் சோதிக்க. அது சரியாயின், செருகியின் உயிர் ஊசிக்கும் நொதுமல் ஊசிக்கும் குறுக்கே ஓம் அளவிடையில் பல்மானியை இணைத்து, துறப்பணத்தின் விசையை அழுத்துக. சில ஓம் முதல் சில பத்து ஓம் வரையிலான வாசிப்புக் கிடைத்தால் சுற்றில் முறிவு இல்லை. முடிவிலி காட்டினால் எங்கோ முறிவு உண்டு. இங்கே ஒரு பொறி உள்ளது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆளிகளில் திரையக்கு என்னும் இலத்திரனியற் கூறு இருப்பதால், நல்ல நிலையிலுள்ள கருவிகூட முடிவிலி காட்டலாம். அவ்வாறான கருவியில் ஆளிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும்.

முறிவு காணப்படும் முதல் இடம் பெரும்பாலும் வடமே. அதிலும் வடம் கைபிடியினுள் நுழையும் இடத்திலேயே அது மடிந்து மடிந்து, வெளியுறை முழுமையாக இருக்க, உள்ளிருக்கும் செப்பு இழைகள் அறுந்துபோகின்றன. பல்மானியை இணைத்தபடியே அவ்விடத்தை இலேசாக வளைக்க வாசிப்பு வந்து வந்து போனால் ஐயமில்லை. பழுதான பகுதியை வெட்டி அகற்றி, மிகுதி வடத்தை மீண்டும் ஆளியின் முடிவிடங்களில் இணைக்கலாம். இடையிலே முறுக்கி நாடா சுற்றுவது பழுதுபார்த்தல் ஆகாது.

அடுத்தது தூரிகைகள். இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. காபன் மென்மையானது, மின்னைக் கடத்துவது, திசைமாற்றியின் செப்பைத் தேய்க்காமல் தானே தேய்வது. தேய்ந்து சுமார் 5, 6 மில்லிமீற்றராகக் குறுகியதும் வில்லின் அழுத்தம் போதாமற்போகத் தொடுகை விட்டுவிடும். மோட்டர் இறந்துபோனதுபோற் கிடக்கும். இரு தூரிகைகளையும் ஒருங்கே, அதே அளவிலான புதியவற்றால் மாற்றவேண்டும். அளவிற் பெரியதை அரத்தால் தேய்த்துப் பொருத்துவோரும் உளர். கூடு தளர்வாக இருந்தால் தூரிகை சரிந்து தீப்பொறியைக் கூட்டும் என்பதால், தேய்ப்பதாயின் மிகக் கவனமாகச் செய்யவேண்டும். புதிய தூரிகை திசைமாற்றியின் வளைவுக்கு அமையும்வரை சில நிமிடம் சுமையின்றி ஓடவிடுக.

திசைமாற்றியை வாசித்தல்

தூரிகையைக் கழற்றியதும் தெரியும் செப்புத் துண்டங்களின் வளையமே திசைமாற்றி. கபில நிறமான, சீரான மினுக்கம் நல்ல அறிகுறி. முழுவதும் கருமை படிந்திருந்தால் மெல்லிய கண்ணாடித்தூள் தாளால் துடைத்து, துண்டங்களுக்கு இடையிலுள்ள காபன் தூளை மரச்சிராயால் அகற்றுக. எமரித் தாளைப் பாவிக்கலாகாது.

இனி மிக முக்கியமான சோதனை. அடுத்தடுத்த இரு துண்டங்களுக்கிடையே தடையை அளந்து, வளையம் முழுவதும் ஒவ்வொன்றாகச் சுற்றி வருக. எல்லா வாசிப்புகளும் ஏறத்தாழச் சமமாயின் ஆமேச்சர் நலம். ஓரிடத்தில் மட்டும் வாசிப்பு மிகக் கூடினால் அச்சுருள் அறுந்துள்ளது. மிகக் குறைந்தால் குறுஞ்சுற்று ஏற்பட்டுள்ளது. பின்னர் ஏதேனுமொரு துண்டத்துக்கும் இரும்பு அச்சுக்கும் இடையே அளக்க முடிவிலி வரவேண்டும். ஓடும்போது தூரிகையடியிற் சிறு நீலப் பொறிகள் தோன்றுவது இயல்பு. திசைமாற்றியைச் சுற்றி நெருப்பு வளையம் ஓடினால் ஆமேச்சர் பழுது. ஆமேச்சர் எரிந்திருந்தால் எமது ஆலோசனை அதைக் கைவிடுவதே. மீளச் சுற்றுவதற்கான கூலி பெரும்பாலும் கருவியின் பெறுமதிக்குத் தகாது. அதன் ஆளி, பற்சில்லுகள், சக், போதிகைகள் ஆகியவற்றை மற்றொரு கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம். போதிகையில் 608 எனப் பொறிக்கப்பட்டிருந்தால் அதன் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர் என அறிக. எந்நிறுவனத்தின் 608உம் பொருந்தும்.

ஆமேச்சர் எரிவது ஏன்? ஓடும் மோட்டரில் பின் மின்னியக்க விசை தோன்றி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 500 வாற்றுத் துறப்பணம் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 2.2 அம்பியர் எடுக்கும். கொங்கிறீற்றில் அலகு இறுகி மோட்டர் நின்றுவிட்டால் பின் மின்னியக்க விசை இல்லாதுபோகும். சுற்றின் தடை 20 ஓம் எனக் கொண்டால் மின்னோட்டம் 230 ÷ 20 = 11.5 அம்பியர் ஆகும் (சுருளின் தூண்டல் விளைவால் உண்மைப் பெறுமானம் இதிலும் குறைவு). காற்றாடியும் நின்றுவிடுவதால் குளிர்த்தலும் இல்லை. சில செக்கன்களில் வார்னிசு எரியும் மணம் வரும்.

கடற்காற்றும் வெள்ளமும்

கடலை அண்டிய கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளில் பலகணியில் வைக்கப்பட்ட கருவியில் உப்புப் படிகிறது. உப்பு வளியின் ஈரத்தை உறிஞ்சுவதால் காவலியின் மேற்பரப்பே மெல்லிய கடத்தியாகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியதுபோன்ற வெள்ளத்தில் அகப்பட்ட கருவியின் நிலை இன்னும் மோசமானது; சேறு போதிகைக்குள்ளும் ஆளிக்குள்ளும் புகுந்திருக்கும். வெயிலிற் காயவைத்து உடனே செருகிப் பார்ப்பது தவறு. கழற்றி, நன்னீராற் சேற்றையும் உப்பையும் நீக்கி, பல நாள் உலரவிட்டு, காவலித் தடையை அளந்தபின்னரே மின் கொடுக்கவேண்டும். இதற்குச் சாதாரண பல்மானி போதாது. 500 வோல்ற்று நேரோட்டம் வழங்கும் காவலிச் சோதனைமானி தேவை. இரட்டைக் காவலிடப்பட்ட கருவியில் 2 மெகாஓமுக்குக் குறைந்தால் பாவிக்கவேண்டாம்.

இரட்டைக் காவலிடலின் குறியீடு, சதுரத்தினுள் சதுரம். அக்குறியீடுள்ள கருவிக்குப் புவிக்கம்பி இல்லை. இரு கம்பி வடமே போதும். உலோக உடலுள்ள பழைய துறப்பணங்களுக்கோ மூன்று கம்பி வடம் கட்டாயம். பழைய கருவியை வாங்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது இதுவே.

பயிற்சி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

1. உலோக உடலுள்ள துறப்பணமொன்றின் மூன்று கம்பி வடம் அகற்றப்பட்டு இரு கம்பி வடம் இணைக்கப்பட்டுள்ளது. கருவி நன்கு சுழல்கிறது. இதனை ஏன் பாவிக்கலாகாது?

விடை: உள்ளே உயிர்க்கம்பி உடலைத் தொட்டால், புவிக்கம்பி இருக்கும்போது பெருமின்னோட்டம் புவிக்குச் சென்று உருகி உருகும். அது இல்லாவிடின் எதுவும் துண்டிக்கப்படாது. உடல் 230 வோல்ற்றிலேயே காத்திருக்கும். பிடிப்பவரே புவிக்கான பாதையாவார். வீட்டில் 30 மில்லிஅம்பியர் மீதிமின்னோட்டச் சுற்றுடைப்பான் இருந்தால் அது துண்டிக்கும். ஆனால் மின்னோட்டம் மனித உடலினூடாகப் பாய்ந்த பின்னரேயாகும். 'மின் தாக்கும்' என்று மாத்திரம் எழுதினால் முழுப்புள்ளி கிடையாது, பாதையைக் குறிப்பிடுக.

2. யப்பானிலிருந்து வந்த துறப்பணத்தில் 100 வோல்ற்று, 400 வாற்று, 50/60 ஏற்சு எனப் பொறிக்கப்பட்டுள்ளது. (அ) இலங்கையின் 230 வோல்ற்று மின்னில் நேரடியாக இணைத்தால் என்ன நிகழும்? (ஆ) தீர்வு யாது? (இ) மீடிறன் வேறுபாடு பிரச்சினையாகுமா?

விடை: (அ) மாறாத் தடைக்கு வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமம், 2.3 இன் வர்க்கம் ஏறத்தாழ 5.3. மோட்டர் வெறும் தடையன்று என்பதால் இதே மடங்கு எனக் கூறமுடியாது. எனினும் மிகை வேகத்தாலும் வெப்பத்தாலும் விரைவில் எரியும். (ஆ) படிகுறை நிலைமாற்றி. துணைச் சுருளில் 400 ÷ 100 = 4 அம்பியர்; இழப்பைப் புறக்கணித்தால் முதன்மைச் சுருளில் 400 ÷ 230 = 1.74 அம்பியர், சுற்றுகளின் விகிதம் 2.3 : 1. தொடக்க மின்னோட்டத்தைத் தாங்க 400இலும் கூடிய வோல்ற்று அம்பியர் கொண்டதைத் தெரிவுசெய்க. (இ) இல்லை. அகில மோட்டரின் வேகம் மீடிறனாற் தீர்மானிக்கப்படுவதில்லை. மின்விசிறியின் தூண்டல் மோட்டராயின் விடை வேறாகும்.

3. திசைமாற்றியைத் துடைக்க எமரித் தாளைத் தவிர்ப்பது ஏன்?

விடை: எமரித் துகளில் மின்னைக் கடத்தும் இரும்புச் சேர்வைகள் உண்டு. அவை துண்டங்களுக்கிடையே சிக்கிக் குறுஞ்சுற்றை ஏற்படுத்தக்கூடும். கண்ணாடித்தூள் கடத்தாது.