டைனமோவுக்கு முன் பெட்டரி வயர்

நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வேன் ஓட்டுகிறார்கள். ராத்திரியில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வேன்தான். பெட்டரி இறங்கினால் உடனே டைனமோவைக் கழற்ற ஓடுகிறோம்.

முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்போம். எஞ்சின் நிற்கும்போது நல்ல பெட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கா, வயர் கழன்றிருக்கா என்று பாருங்க. ஓடும் எஞ்சினில் பெட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கவே கூடாது. நல்ல டைனமோவும் கெட்டுப்போகும்.

கழற்றத்தான் வேண்டுமென்றால், எஞ்சின் ஆறட்டும். மோதிரத்தைக் கழற்றி வையுங்க. பெட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்க. சாவி போடாவிட்டாலும் டைனமோவின் தடித்த வயரில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அந்த வயரிலும் எஞ்சினிலும் சேர்ந்து பட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துபோகும், வேனே பற்றிக்கொள்ளலாம்.

பிறகு வயர்கள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கழற்றுங்க. பெல்ட்டைத் தளர்த்தி எடுங்க. போல்ட்டுகளைக் கழற்றும்போது டைனமோவை ஒரு கையால் தாங்குங்க, பாரமான சாமான். திரும்பப் பூட்டும்போது நெகட்டிவ் வயர் கடைசியில்தான்.

பெற்றோரே, பிள்ளை ஸ்பேனரை எடுத்தால், "பெட்டரி வயரைக் கழட்டிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.