திலகவதியார் உயிர் தாங்கிய காரணம்

உலகிற் பிறந்த உயிர்களுக்கு இன்பமும் துன்பமும் மாறிமாறி வருதல் இயல்பு. அவற்றுள் நாள்தோறும் வந்து நாள்தோறும் நீங்கும் சிறு துன்பங்களைப்பற்றி ஈண்டு ஆராய்ச்சியில்லை. ஒருவர் வாழ்நாளை முன் என்றும் பின் என்றும் இரு கூறாகப் பிளந்துவிடும் பேரிடர் உண்டு. பெற்றோரையோ, வாழ்க்கைத் துணையையோ, பெற்ற மகவையோ இழத்தலும், கண் கால் முதலிய உறுப்புக்களை இழத்தலும், ஊரும் மனையும் இழந்து நிற்றலும் அத்தகையன. அவ்விடர்ப்பட்டார் பலவாறு புலம்பினும், அப்புலம்பல் அனைத்தினும் உள்ளே நிற்கும் வினா ஒன்றே. அது, “இனி யான் எதன்பொருட்டு உயிர்வாழ்தல் வேண்டும்?” என்பது. இவ்வினாவிற்குச் சைவ சித்தாந்த நெறியிற் பெறப்படும் விடை யாது என்பதனைத் திருநாவுக்கரசு நாயனாரின் தமக்கையாராகிய திலகவதியார் சரித்திரத்தை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வாம்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில், திலகவதியார் சரித்திரம் தனிப் புராணமாக அமையவில்லை. தம்பியாரின் புராணத்தினுள்ளேயே அமைந்துள்ளது. தனியடியார் 63 பேருள் வைத்து எண்ணப்பட்ட மகளிர் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரே. திலகவதியார் அவ்வெண்ணிக்கையில் இல்லை. ஆயினும் அவர் இலராயின் நாவுக்கரசர் இலர். நாவுக்கரசர் இலராயின் தமிழுலகு பெற்ற தேவாரத்தில் ஒரு பெரும்பகுதி இல்லை. எண்ணிக்கையுள் வாராத ஒருவர் வாழ்வு எத்துணைப் பெரும்பயன் விளைத்தது என்பது இதனால் உணரற்பாலது.

சரித்திரச் சுருக்கம் வருமாறு. திருமுனைப்பாடி நாட்டிலே, இக்காலத்துப் பண்ணுருட்டிக்கு அணித்தாகவுள்ள திருவாமூரிலே, வேளாளர் குடியிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாராகத் திலகவதியாரும், பின்னர் மகனாராக மருணீக்கியாரும் தோன்றினர். திலகவதியார் மணப்பருவம் எய்தியபோது, அரசனிடத்துப் படைத்தலைமை பூண்ட கலிப்பகையார் என்பவருக்கு அவரை மணஞ்செய்து கொடுக்கப் பெற்றோர் இசைந்தனர். மணம் நிகழுமுன்னரே அரசன் ஏவலால் கலிப்பகையார் வடபுலத்தாரோடு போர் செய்யச் சென்றார். அவர் மீளுமுன் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். தாயும் தந்தையும் அற்ற அம்மனையில் இருவரும் துயருழந்திருக்கும்போதே, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கு உரியராக உள்ளத்தால் நேர்ந்தமையின், தம் உயிரையும் அவருயிரோடு சேர்த்தலே முறையெனத் துணிந்தார் திலகவதியார். அப்பொழுது இளையராகிய மருணீக்கியார் அவர் அடிகளில் வீழ்ந்து அழுதார். தாய் தந்தையர் போயபின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வணங்கப் பெறும் ஒன்றனால் என்றும், அவரும் தம்மைத் தனியே விட்டுச் செல்வராயின் தாம் அவர்க்கு முன்னரே உயிர் விடுதல் உறுதி என்றும் கூறினார். தம்பி உயிர் வாழ்தல் வேண்டும் என்னும் அருளே திலகவதியாரின் துணிவைத் தடுத்தது. அவர் உயிர் தாங்கினார். எல்லா உயிர்கள்மாட்டும் இரக்கமுடையராய் மனைக்கண் இருந்தே தவம் ஆற்றினார்.

ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. வினை, வினைப்பயன், யாக்கை நிலையாமை ஆகிய உண்மைகளைச் சேக்கிழார் பெருமான் அறியாதவர் அல்லர். ஆயினும் அவ்வமயத்தில் திலகவதியாருக்கு அவற்றை எடுத்துரைப்பார் ஒருவரையும் அவர் கொண்டுவந்து நிறுத்தினாரல்லர். அழுகின்ற சிறுவன் ஒருவனையே நிறுத்தினார். சாகத் துணிந்த உயிரை மீட்டது அறிவுரை அன்று. “நீ இலையேல் யான் இல்லை” என்னும் பிறிதோர் உயிரின் தேவையே என்க. தன்பொருட்டு வாழ்தற்குக் காரணம் அற்றுப்போய வழியும், பிறர்பொருட்டு வாழ்தற்குக் காரணம் அறாது.

அற்றேல், துன்பம் எல்லாம் வினைப்பயன் என்று சாத்திரம் கூறுதலின், வருவது வந்தே தீரும்; அதன்பின் முயலுவது எற்றுக்கு என்று சிலர் தடை நிகழ்த்துவர். அது பொருந்தாது. வினை மூவகைப்படும். ஈட்டப்பட்டுக் கிடப்பது சஞ்சிதம். அதனினின்றும் இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வருவது பிராரத்தம். அந்நுகர்ச்சியின்போது உயிர் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். கலிப்பகையார் மாண்டார் என்னும் செய்தி வந்தது பிராரத்தம். அச்செய்தியைக் கேட்ட பின்னர்த் திலகவதியார் தம்பியை நோக்கி இரங்கியது, பிராரத்தம் தன்னாலே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த செயல் அன்று. அவர்தம் உயிரின் விழைவும் அறிவும் செயலும் கூடி எழுந்தது. வந்த துன்பம் நம் வயத்ததன்று. வந்ததை எவ்வாறு ஏற்று நிற்றல் என்பது நம் வயத்தது. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கக் கொள்வதனாலேயே வினைக்கொள்கை சோம்பலுக்குத் துணையாகின்றது என்று பிறர் பழிக்க இடம் உண்டாகின்றது.

மற்றும், வினை சடம். தானே சென்று பொருந்துதற்கு அறிவுடையதன்று. அதனை உயிர்க்குக் கூட்டுவிப்பவன் இறைவன். அவன் கூட்டுவித்தல் பகையினால் அன்று, மலநோய் நீக்கும் கருணையினால் என்பது சித்தாந்தத் துணிபு. மருத்துவன் கத்தி எடுப்பதும் நோயாளியின்பால் வைத்த பரிவினாலேயே என்னும் உவமையைச் சிவஞான சித்தியாரிற் கற்றோர் அறிவர். இதனையே மறக்கருணை என்ப.

ஆயின், இவ்வுண்மை துன்புற்றார் தம் உள்ளத்தே தாமே உணர்தற்கு உரியதேயன்றி, பிறர் அவர்மீது எறிதற்கு உரியதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், திருவதிகைக்குக் கிழக்கே கடலூர்க் கரையிலும் நாகப்பட்டினக் கரையிலும் ஆழிப்பேரலை புகுந்து, ஒரு காலைப்பொழுதில் எண்ணிறந்த தாயரை மகவற்றவராகச் செய்தது. அத்தாயரை நோக்கி, “இது உன் வினை” என்று கூறுபவன் சித்தாந்தி ஆவனோ? ஒருவர் வினை இன்னதென்று அறிய வல்லவன் முற்றறிவுடைய சிவபெருமான் ஒருவனே. சிற்றறிவுடைய நாம் பிறர் வினையை அளந்து கூறப் புகுதல், இறைவன் இருக்கையில் நாம் ஏறியமர்தலை ஒக்கும். வினைக்கொள்கை என்னும் விளக்கு நம் காலடியைக் காண்டற்குத் தரப்பட்டது. பிறர் முகத்திற் பிடித்தற்கு அன்று.

இனி, மற்றொரு தடை. சில ஆண்டுகளுக்குமுன் எங்களூர்த் திருமடம் ஒன்றிற் பெரியபுராணப் பாடம் நிகழ்ந்துவந்தது. திலகவதியார் தம்பியின்பொருட்டு உயிர் தாங்கிய இடத்தை யான் விரித்துரைத்தபோது, ஒரே மகனை இழந்த மூதாட்டியார் ஒருவர் எழுந்து, “ஐயா, அவ்வம்மைக்குத் தம்பியாவது இருந்தார். எனக்கு ஒருவரும் இல்லையே. யான் என் செய்வேன்?” என்று கேட்டார். அவையிலிருந்தோர் ஒருவரும் வாய் திறந்திலர். அவ்வினா நூலறிவு கொண்டு தட்டிக்கழிக்கத்தக்கதன்று. அதற்கு விடை சரித்திரத்தின் பிற்பகுதியில் உள்ளது.

எந்தத் தம்பியின்பொருட்டு உயிர் தாங்கினாரோ, அந்தத் தம்பியும் பின்னர் அவரை விட்டுப் பிரிந்தார். மருணீக்கியார் நிலையாமையை உணர்ந்து தண்ணீர்ப் பந்தரும் அறச்சாலையும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். பின்பு மெய்ந்நெறி நாடிச் சமணம் சார்ந்து, பாடலிபுத்திரம் சென்று, தருமசேனர் என்னும் பெயரோடு அவர்கள் தலைவராய் விளங்கினார். அவரும் தமக்கு எய்திய இழப்பிற்கு ஒரு விடை தேடியே சென்றார் ஆதலின், அவரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் திலகவதியார் நிலையை எண்ணிப்பார்க்க. தாய் இல்லை, தந்தை இல்லை, கணவராக வரற்குரியார் இல்லை, வாழ்தற்குக் காரணமாக நின்ற தம்பியும் அருகில் இல்லை. இரண்டாம் முறை அவர் வாழ்வு வெறுமையாயிற்று. இம்முறை அடியில் வீழ்ந்து அழுது தடுப்பாரும் இல்லை.

அப்பொழுது அவர் செய்தது யாது? கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். விடியுமுன் எழுந்து திருமுற்றத்தை அலகிட்டார். ஆன்சாணம் கொண்டு மெழுகினார். மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். செய்தவை இவையே. நூல் இயற்றினாரல்லர், கூட்டம் கூட்டி உரை நிகழ்த்தினாரல்லர். துடைப்பமும் சாணமும் பூக்குடலையும் அவர் கருவிகள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறியுள் இது சரியையின்பாற்படும். தாதமார்க்கம் எனவும் பெறும். இதனைக் கடைப்படி என்று கருதி இகழ்வாரும் உளர். அவர் அறியாதது ஒன்றுண்டு. பேரிடர்ப்பட்ட காலத்து மனம் தியானத்தில் நில்லாது. அறிவு நூற்பொருளிற் செல்லாது. ஆயினும் கை அலகைப் பிடிக்கும். அறிவு கலங்கியவழியும் உடம்பு தொண்டு செய்ய வல்லது. அத்தொண்டு நாளடைவில் அறிவையும் தெளிவிக்கும். கருணையுடைய முன்னோர் வீழ்ந்தாரும் எட்டிப் பிடிக்குமாறு முதற்படியைத் தாழ அமைத்தனர்.

அம்மூதாட்டியார்க்கு யான் இதனையே கூறினேன். தம்பி இல்லாதபோதும் திலகவதியார்க்குக் கூட்டுதற்கு ஒரு முற்றம் இருந்தது. முற்றம் இல்லாத ஊர் யாண்டும் இல்லை என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறிற்றிலர். மறுநாளும் பாடத்திற்கு வந்தார்.

திருத்தொண்டு புரியுங்கால் திலகவதியார் தம் துயரை மறைத்தாருமல்லர். தம்பியாரை மீட்டருளல் வேண்டும் என்று நாள்தோறும் இறைவனிடத்து முறையிட்டார். துன்பத்தைத் தாங்குதல் என்றால் கண்ணீர் விடாதிருத்தல் என்று கருதுவார் இதனை நோக்குக. இருவினையொப்பு என்பது கல்லைப்போல் உணர்ச்சியற்றிருத்தலன்று. நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் ஒப்ப உவர்ப்புத் தோன்றி, இரண்டிற்கும் மேலாய திருவருளை நாடி நிற்றலேயாம். அழுதலும் தொழுதலும் ஒருங்கு நிகழலாம்.

இறைவன் கனவில் தோன்றி, தம்பியாரைச் சூலைநோயால் தடுத்தாட்கொள்வதாக அருளினான். அவ்வாறே சூலை மருணீக்கியாரை வருத்த, அவர் சமையற்காரனை விடுத்துத் தமக்கையாரை அழைத்தார். திலகவதியார் சமணர் பாழிக்கு வர இசைந்திலர். தம்பியார் தாமே இரவில் வெண்டுகில் உடுத்து வந்து அவர் அடியில் வீழ்ந்தார். இளமையில் ஒருமுறை அடியில் வீழ்ந்து தமக்கையின் உயிரைக் காத்த தம்பி, இப்பொழுது மீண்டும் அடியில் வீழ்ந்து தம் உயிரைக் காத்துக்கொண்டார். தமக்கையார் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார்.

இதன்பின் நிகழ்ந்தது மிக நுட்பமானது. பல்லாண்டு பிரிந்த தம்பி வந்தான் என்று திலகவதியார் அன்றைய தொண்டை நிறுத்தினாரல்லர். திருப்பள்ளியெழுச்சிக்காலம் ஆகவே, வழக்கம்போல் திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். அத்திருமுன்பிலேதான் 10 பாடல்கொண்ட முதற் பதிகம் பிறந்தது, சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் பெயரும் கிடைத்தது. துயரநாளில் எடுத்த அலகை மகிழ்ச்சிநாளிலும் அவர் கீழே வைத்திலர். ஆகவே அத்தொண்டு தம்பி வருவதற்குக் கொடுத்த விலை அன்று என்பது பெறப்படும். விலையாயின், பொருள் கைக்கு வந்தபின் கொடுத்தல் நின்றுவிடும்.

நாவுக்கரசரும் அன்றுதொட்டு உழவாரப்படையைக் கையிற்கொண்டு, தலந்தோறும் திருமுற்றத்துப் புல் செதுக்கும் பணியை இறுதிவரை விட்டிலர். நாவுக்கு அரசராகிய அவர் கைத்தொண்டினைக் கற்றது எவரிடத்து என்று ஆராயின், தமக்கையார் கையிலிருந்த அலகே விடை கூறும்.

இதனால் நாம் கொள்ளற்பாலன சில. இடருற்றார்க்கு முதற்கண் வேண்டுவது உண்மையுரை அன்று, உடனிருப்பாரே. ஆதலின் நாம் அவர்பாற் சென்று, பேசாது அமர்ந்திருத்தலும் தொண்டே. நோய்க்கு மருந்து உண்டல், மனக்கலக்கத்திற்கு மருத்துவர் துணை நாடல் ஆகியவற்றையும் விலக்கற்க. மருந்தினுள்ளும் நின்று தொழிற்படுவது திருவருளே. வாழ்வின் பயன் இன்னதெனத் தெளிந்த பின்னரே எழுவேன் என்று இருத்தல் வேண்டா. விடியலில் எழுந்து செய்தற்குப் பிறர்க்குப் பயன்படும் ஒரு சிறு தொழிலை மேற்கொள்க. பயன் பின்னர்த் தானே புலப்படும். ஒரு காரணம் அற்றுப்போயின், அதனோடு வாழ்வும் அற்றதெனத் துணியற்க. திலகவதியார்க்கு இருமுறை அற்றது, இருமுறையும் அருள் வேறு வாயில் திறந்தது.

“எதன்பொருட்டு உயிர்வாழ்தல் வேண்டும்?” என்று வினவும் அன்பர்க்கு நாம் கூறும் விடை இது: தங்கள் இருப்பை வேண்டி நிற்கும் ஓர் உயிர் எங்கோ உளது, அஃது இன்னும் கண்ணிற் படாதாயின், படுங்காறும் கூட்டுதற்கு ஒரு முற்றம் உளது.

திருச்சிற்றம்பலம்.