ஆறாம் படிவம்: பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மூன்றாவது வழி

எஸ்.பி.எம். தேர்வு முடிவு கைக்கு வந்த அன்றே நம் இல்லங்களில் எழும் கேள்வி, "இனி என்ன?" என்பதாகும். பாச்சாங் வட்டாரத்தில் இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வாயிற்கதவருகே வேலையாள் தேவை என்னும் அறிவிப்பும் தொங்கும். "மெட்ரிகுலேசன் இடம் கிடைக்கவில்லை; தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட நம்மால் ஆகாது; பிள்ளை வேலைக்குப் போகட்டும்" என்று ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறோம். அவ்வாறு முடிவு செய்வதற்கு முன், எண்ணிப் பார்க்க வேண்டிய மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே அரசாங்கப் பள்ளிகளில் நடைபெறும் ஆறாம் படிவக் கல்வி.

கதவு திறந்த வரலாறு

இன்றைய பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும் இடைநிலைக் கல்வி, அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் எல்லாருக்கும் கிட்டவில்லை. தொடக்கப்பள்ளியின் முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தவறிய தோட்டத்துப் பிள்ளைக்குப் பால்மரமும் வெளிக்காட்டு வேலையுமே எஞ்சின. 1964-ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் அனைவரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழிப் பயிற்சி பெற்று முதலாம் படிவத்தில் அமர்ந்தனர்.

1970-இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய மலாய்ப் பயிற்றுமொழி, படிப்படியாக உயர்ந்து 1982-இல் ஆறாம் படிவத்தை எட்டியது. அதே ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வும் நடப்புக்கு வந்தது. இவ்வாறு, புகுமுக வகுப்பில் தொடங்கிய மொழிப் பயிற்சியின் பயன் ஆறாம் படிவம் வரை தொடர்கிறது. ஆறாம் படிவத்தில் சேர்வதற்கு மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி தேவைப்படுவதும் இதனால்தான். மலாய் மொழியைப் புறக்கணித்த பிள்ளை, பிற பாடங்களில் வல்லவனாக இருந்தாலும் வாயிலிலேயே நின்றுவிட நேரும்.

மூன்று தவணைகள்

முன்னாளில் ஆறாம் படிவ மாணவர் இரண்டாண்டுகள் படித்து, அத்தனையையும் இறுதியில் ஒரே தேர்வில் எழுதினர். ஒரு வாரக் காய்ச்சல் ஈராண்டு உழைப்பையும் கெடுத்துவிடக்கூடிய நிலை அது. 2012-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இம்முறை மாறியது. இப்போது கல்வி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடிக்கிறது. அது மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தவணை முடிவிலும் அத்தவணைக்குரிய பகுதிக்கு மட்டும் தேர்வு நடக்கும். பள்ளி அளவில் செய்யும் இடுபணிகளுக்கும் புள்ளி உண்டு.

சுமை பகிர்ந்து வைக்கப்படுவது மாணவருக்கு நன்மையே. ஆயினும் இதிலே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. முதல் தவணையில் பெறும் புள்ளியும் இறுதிக் கணக்கில் சேரும். "முதலில் பழகிக்கொள்வோம், பிறகு படிப்போம்" என்னும் எண்ணம் இங்கே செல்லாது. ஒரு தவணைத் தேர்வை மீண்டும் எழுதிப் புள்ளியை உயர்த்த வாய்ப்பு உண்டு. ஆனால் அது முயன்று சறுக்கியவருக்கான கைத்தாங்கலேயன்றிச் சோம்பலுக்கான சலுகையன்று.

பொதுப் பாடம் எல்லாருக்கும் கட்டாயம். அதனுடன் மூன்று அல்லது நான்கு பாடங்களை மாணவர் தேர்ந்தெடுப்பர். அறிவியல் துறையில் கணிதம், வேதியியல், இயற்பியல் அல்லது உயிரியல் அமையும். சமூகவியல் துறையில் வரலாறு, பொருளியல், புவியியல், வணிகம் முதலியன அமையும். தமிழ்மொழியும் எஸ்.டி.பி.எம். பாடங்களுள் ஒன்று என்பதை நம்மில் பலர் அறியார்.

புள்ளிக் கணக்கு

ஏ பெற்றால் 4.00 புள்ளி, ஏ குறை 3.67, பி மிகை 3.33, பி 3.00, சி 2.00. மிகச் சிறந்த நான்கு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி, நான்கால் வகுத்தால் கிடைப்பதே மாணவரின் சராசரிப் புள்ளி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மாணவி பொதுப் பாடத்தில் 3.33, மலாய் மொழியில் 3.00, தமிழ்மொழியில் 3.67, வரலாற்றில் 3.00 பெறுகிறாள் என்று கொள்வோம். மொத்தம் 13.00, சராசரி 3.25. வரலாற்றில் அவள் 2.00 மட்டுமே பெற்றிருந்தால் சராசரி 3.00 ஆகக் குறைந்துவிடும். ஒரே பாடத்தின் சரிவு நான்கு பாட உழைப்பையும் கீழே இழுப்பதை இதனால் உணரலாம். பிடித்த பாடத்தில் மூழ்கிப் பிடிக்காத பாடத்தை ஒதுக்குவது ஆறாம் படிவத்தில் ஆகாது.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கல்விப் புள்ளிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் வழங்கப்படுகின்றன. ஆகவே கழகம், விளையாட்டு, சீருடை இயக்கம் ஆகியவற்றில் பிள்ளை ஈடுபடுவதை வீண்பொழுது என்று தடுக்கலாகாது. 1999-இல் அறிமுகமான மூயெட் ஆங்கிலத் தேர்வையும் எழுதியாக வேண்டும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களையும் அது சோதிக்கிறது. இவற்றுள் பேசுதலே நம் பிள்ளைகளை அதிகம் தயங்க வைப்பது. நாள்தோறும் கால்மணி நேரம் தோழரோடு ஆங்கிலத்தில் உரையாடுவதே அதற்கு மருந்து.

மெட்ரிகுலேசனும் ஆறாம் படிவமும்

1999-இல் தொடங்கிய மெட்ரிகுலேசன் கல்வியில் 2003 முதல் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவருக்கும் இடம் அளிக்கப்படும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்திலேயே மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் ஒரு மெட்ரிகுலேசன் கல்லூரி இருக்கிறது. தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கத் தவறலாகாது.

ஆனால் அங்கே இடம் கிட்டாமை வாழ்வின் முடிவன்று. எஸ்.டி.பி.எம். சான்றிதழை உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. பிரித்தானிய ஏ-லெவலுக்கு இணையாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் மதிக்கின்றன. டுரியான் துங்கலில் உள்ள மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 1956 முதல் இந்திய ஆய்வியல் துறையைக் கொண்டுள்ள மலாயாப் பல்கலைக்கழகமும் இச்சான்றிதழுடன் விண்ணப்பிக்கக்கூடிய இடங்களே.

பெற்றோர் எண்ண வேண்டியவை

ஒன்றரை ஆண்டுச் சம்பளம் ஒரு தொழிலாளர் குடும்பத்திற்குச் சிறுதொகையன்று. வீட்டு வாடகைக்கும் தம்பி தங்கையரின் செலவுக்கும் அப்பணம் உதவியிருக்கும். அந்த இழப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. தொழிற்கல்லூரி கைத்திறன் மிக்க பிள்ளைக்குப் பொருந்துமாயின் அதுவும் சிறந்த வழியே. ஆனால் படிக்க விரும்பும் பிள்ளையை அந்தச் சம்பளத்துக்காக நிறுத்தினால், பின்னர் அவனே விரும்பினும் புத்தகத்திற்குத் திரும்புவது அரிது.

ஆறாம் படிவத்தில் தனியார் கல்லூரிக்குரிய கட்டணச் சுமை இல்லை. தொடக்கநிலை உதவித்தொகையான 150 ரிங்கிட், 2025 முதல் ஆறாம் படிவ மாணவருக்கும் வழங்கப்பட்டது. பேருந்துச் செலவும் உணவுச் செலவும் வீட்டார் பொறுப்பு. அவற்றினும் மேலாக வேண்டப்படுவது வீட்டில் ஓர் அமைதியான மூலை. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துவதற்குப் பணம் தேவையில்லை.

ஆகவே, முடிவு வெளிவந்ததும் மூன்று செயல்களை மறவாமல் செய்வோம். பிள்ளையுடன் அமர்ந்து அவன் விருப்பத்தைக் கேட்போம். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரை நேரிற் கண்டு, எந்தத் துறைக்கு எந்தத் தகுதி தேவை என்பதைத் தெளிவாகக் கேட்டறிவோம். விண்ணப்ப நாள் கடந்துபோகாமல் பார்த்துக்கொள்வோம். தொழிற்சாலைக் கதவு அடுத்த ஆண்டும் திறந்திருக்கும்; பதினெட்டு வயதுப் பிள்ளையின் படிக்கும் பருவமோ காத்திராது.