ஜாமீன் விசாரணையின் செலவு யாருக்கு?

கேள்வி: ஜாமீன் நடைமுறையை மாற்றினால் மக்கள் வரிப்பணம்தானே வீணாகும்?

பதில்: செலவு உண்டு, வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2012-இல் சிறையில் இருந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேர், 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் அடைபட்டிருந்தார்கள். எத்தனை குடும்பங்களின் பிழைப்பு கெட்டிருக்கும்! 2017 முதல் அங்கே பணம் கட்டி ஜாமீன் பெறும் முறை ஏறக்குறைய ஒழிந்தது. அதற்குப் பதிலாக, சிறையில் அடைக்கப்பட்டவரை விடுவிப்பதில் உள்ள அபாயத்தை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். காவலை நீட்டிக்க அரசுத் தரப்பு கேட்டால் தனி விசாரணையும், கைதிக்கு வழக்கறிஞரும் வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே. விடுவிக்கப்பட்டவர்களைக் கண்காணிக்கும் ஊழியர்களுக்கான பணத்தை நீதிமன்றக் கட்டண உயர்விலிருந்து எடுத்தார்கள். அது போதாது என்று நீதித்துறையே எச்சரித்தது. கட்டணத்தை நம்பியதுதான் பிழை. பட்ஜெட்டிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையே விசாரணைக் கைதிகள் சுமார் 44 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் சிறைகளை நடத்துபவை கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகங்கள். கைதிகள் குறைவதால் மிஞ்சும் பணம் அவற்றுக்கு, புதுச் செலவு மாநில நீதித்துறைக்கு.