அத்தர் முதல் ஆறன்முளைக் கண்ணாடி வரை

கே: என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கலியாணம். நல்ல செண்டு ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. எந்தக் கம்பெனியுடையது உயர்ந்தது? முதன்முதலில் செண்டைக் கண்டுபிடித்தது யார்?
(வாசகி, கும்பகோணம்)

ப: கம்பெனி இருக்கட்டும், கண்டுபிடித்தது யார் என்று கேட்டீர்களே, என் மனம் அந்தப் பக்கம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது. ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவள் ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் பட்டமகிஷி நூர்ஜஹான் என்றும், பன்னீர் நிரப்பிய வாய்க்கால் ஓரமாக உலாவுகையில் நீரின்மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் அவள் கண்ணில் பட்டது என்றும் ஒரு கதை நாடெங்கும் வழங்குகிறது. அழகான கதை, உண்மையன்று. பன்னீர் இறக்கும்போது பாத்திரங்களின் மேல் திரண்ட ஆடையைச் சிறிது சிறிதாக வழித்துச் சேர்த்து, அதன் மகிமையை முதலில் உணர்ந்தவள் நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் என்று ஜஹாங்கீரே தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி, அதற்கு வெகுமதியாக ஒரு முத்துமாலை அளித்த செய்தியையும் சொல்லியிருக்கிறார். மாமியாரின் சாமர்த்தியத்தை மருமகன் தானாக முன்வந்து எழுதிவைத்த வாக்குமூலத்தைவிட வலுவான சாட்சியம் எந்த நியாயஸ்தலத்திலும் கிடைக்காது! அந்த வாசனைக்கு அக்பரின் மனைவியருள் ஒருவரான ஸலீமா ஸுல்தான் பேகம் சூட்டிய நாமதேயம் ‘ஜஹாங்கீரி அத்தர்’. ஆகவே பெயர் அரசருக்குப் போயிற்று, புகழ் மகளுக்குப் போயிற்று, அடுப்பருகே நின்று பாடுபட்ட தாயாரை உலகம் மறந்துவிட்டது. அலங்காரப் பொருள்களின் சரித்திரம் முழுவதிலும் இந்த அநியாயமே திரும்பத் திரும்ப நடந்து வருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

உங்கள் அண்ணன் மகளுக்கு உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்து அத்தர் வாங்குங்கள். அதிலும் ‘மிட்டி அத்தர்’ என்னும் மண்வாசனை அத்தரை வாங்குங்கள். சுட்ட மண்ணைத் தாமிரப் பானையில் நீருடன் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தனத் தைலம் உள்ள மற்றொரு பாத்திரத்தில் இறக்கி, கோடை மழையின் முதல் தூறலில் எழும் அந்த மணத்தைச் சீசாவில் அடைக்கும் வித்தை அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சந்தனத் தைலத்துக்குப் பதிலாக மலிவான எண்ணெயில் இறக்கிய சரக்கும் கடைகளில் ஏராளம். எதில் இறக்கியது என்று கேட்டு வாங்குங்கள். பஞ்சில் ஒரு துளி தொட்டுக் காது மடலில் வைத்துக்கொண்டால் ஒரு முகூர்த்தத்துக்குப் போதும்.

கே: எங்கள் அம்மம்மா காய்ச்சல் வந்தால் ஓடிகொலோன் நனைத்த சீலைத் துண்டை நெற்றியில் போடுவா. அது மருந்தா, வாசனையா? போத்தலில் 4711 என்று போட்டிருப்பது ஏன்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: மருந்தாகவும் இருந்து, பிறகு வாசனையாகத் தன்னைப் பிரகடனம் செய்துகொண்ட பொருள் அது. இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய ஜோஹான் மரியா ஃபாரினா என்பவரின் குடும்பம் 1709இல் அங்கே வியாபாரம் தொடங்கிற்று. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் முதலிய கனிகளின் தைலங்களைச் சாராயத்தில் கலந்து அவர் செய்த தண்ணீருக்கு, தம்மை வாழவைத்த ஊரின் பெயரையே இட்டார். அந்நாளில் அதை உடம்பில் பூசுவதோடு நில்லாமல் உள்ளுக்கும் சாப்பிட்டார்கள். உள்மருந்துகளின் ரகசியச் சேர்மானங்களை வெளியிட வேண்டும் என்று 1810இல் நெப்போலியன் ஆணை பிறப்பித்ததும், கொலோன் நகரத்து வியாபாரிகள் தங்கள் சரக்கு மருந்தே அல்ல, வெறும் வாசனை நீர்தான் என்று சாதித்து ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அம்மம்மாவின் கைவைத்தியத்துக்கு இந்த ஆணை செல்லாது என்பது வேறு விஷயம்.

இனி 4711க்கு வருவோம். பிரெஞ்சுச் சேனை கொலோனுக்குள் புகுந்தபோது, குதிரைமேல் அமர்ந்தபடியே ஒரு சிப்பாய் வில்ஹெல்ம் மூல்ஹென்ஸ் என்பவர் வீட்டுச் சுவரில் அந்த எண்ணை எழுதினான் என்று ஒரு சித்திரம் பிரசித்தம். அது பிற்காலத்து விளம்பரச் சித்திரம். நகர் முழுவதும் வீடுகளுக்கு வரிசையாக இலக்கமிட்டபோது அந்த வீட்டுக்கு விழுந்த எண்தான் 4711. அதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. இந்த மூல்ஹென்ஸ், அசல் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு ஃபாரினாவிடமிருந்து 1803இல் பெயரை மாத்திரம் விலைக்கு வாங்கித் தம் சரக்கின்மேல் ஒட்டி, அந்தப் பெயரைப் பிறருக்கும் விற்றுவந்தார். ஃபாரினா என்ற பெயரைப் பேரன் காலத்தில், 1881இல், கைவிட நேர்ந்த பிறகே வீட்டு இலக்கம் வியாபாரப் பெயராகத் தலையெடுத்தது. உழைத்தவர் பெயரைச் சந்தையில் வாங்கலாம் என்றால், சீசாவின்மேல் உள்ள எழுத்தை நம்பி எப்படி விலை கொடுப்பது?

கே: ஓடிகொலோன் தடவினால் நெற்றி குளிர்வதற்குக் காரணம் அது ஆவியாவது என்கிறார்களே. அப்படியானால் எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் மழைக்காலத்தில் ஏன் குளிர்வதில்லை?
(அதே வாசகர்)

ப: வாசனையில் புறப்பட்டு அடுக்களைக்கு வந்துவிட்டீர்கள், நல்ல வழிதான். சாராயம் ஆவியாகும்போது நெற்றியின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பானையின் நுண்ணிய துவாரங்களில் கசியும் நீரும் அப்படியே செய்கிறது. மழைக்காலக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பானைநீர் ஆவியாக இடமில்லை. சிறு குழந்தைகளுக்குச் சாராயம் சேர்ந்த எதையும் நெற்றியில் போட வேண்டாம். வெறும் தண்ணீரில் நனைத்த துணியே உத்தமம்.

கே: உதட்டுச் சாயமும் உயர்ந்த குதிகாலும் அணிந்து ஆண்களை மயக்கிக் கலியாணம் செய்துகொள்ளும் பெண்களைச் சூனியக்காரிகளாகக் கருதித் தண்டிக்க இங்கிலாந்தில் 1770இல் சட்டம் வந்தது என்று படித்தேன். உண்மைதானா?
(வாசகி, கோயம்புத்தூர்)

ப: சுத்தப் பொய். அழகுக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வளர்த்துவிட்ட பொய். சூனியத்தைக் குற்றமாகக் கொண்ட பழைய சட்டங்களை அந்நாட்டுப் பார்லிமெண்டு 1736இலேயே ரத்து செய்து, சூனியம் தெரியும் என்று பாசாங்கு செய்து ஏமாற்றுவதை மாத்திரம் குற்றமாக வைத்தது. இல்லாது போன சட்டத்தின்கீழ் 1770இல் யாரைத் தண்டிப்பது? அப்படியொரு சட்டம் அந்நாட்டுச் சட்டத் தொகுதியில் எங்குமே இல்லை. முகப்பூச்சுக்கும் கறுப்புப் பொட்டுக்கும் எதிராக 1650இல் ஒரு மசோதா எழுந்து, ஒருமுறை வாசிக்கப்பட்டு, அத்தோடு அடங்கிப்போனதுண்டு. உண்மையாகவே நிறைவேறிய சட்டம் ஒன்று சொல்கிறேன்: 1795இல் பிரதம மந்திரி பிட், தலையில் பூசும் மாவுக்கு ஆளொன்றுக்கு வருஷம் ஒரு கினி வரி விதித்தார். பொய்மயிர்க் குல்லாயில் மாவு தூவித் திரிந்த கனவான்களின் நாகரிகம் அதோடு மளமளவென்று சரிந்தது. பெண்களின் உதட்டைப் பிடிக்க வந்ததாகச் சொல்லப்படும் சட்டம், ஆண்களின் தலையில்தான் விழுந்தது.

கே: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். என் மகள் லிப்ஸ்டிக் வாங்கிக் கேட்கிறாள். எந்த நிறம் மாநிறத்துக்குப் பொருந்தும்? அதில் மாமிச சம்பந்தம் ஏதும் உண்டா?
(வாசகி, மதுரை)

ப: நிறத்தைக் கடைக் கண்ணாடிமுன் நின்று மகளே தெரிந்துகொள்வாள், செங்கல் சிவப்பும் திராட்சைக் கறுப்பும் மாநிறத்துக்கு வெகு பாந்தம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாவது கேள்விதான் அருமையானது. சிவப்புச் சாயங்களில் சிலவற்றுக்கு ஆதாரம் கொச்சினீல் என்னும் சிறு பூச்சி. மெக்ஸிகோ தேசத்தில் கள்ளிச் செடியில் அப்பி வாழும் அதன் பெண்ணினத்தைச் சேகரித்து உலர்த்திப் பொடித்தால் கார்மைன் என்னும் செஞ்சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். சீட்டில் ‘கார்மைன்’ என்றோ ‘சி.ஐ. 75470’ என்றோ கண்டால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது.

இந்தப் பூச்சிக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவை எத்தனை பேர் அறிவார்கள்? ஸ்பெயின்காரர்கள் பொன்னுக்கு நிகராகப் பொத்திக் காத்த அந்தச் சாயத்தை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று கனவு கண்ட டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றையே போட்டார். பூச்சி வரும் முன்பே அதற்குச் சாப்பாட்டுப் பந்தி தயார்! 1795இல் பிரேஸிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்ததோ அசல் இனமன்று. சாயம் மட்டமான காட்டுச் சாதி. ஆனால் அதற்குப் பசி அபாரம். அது நாட்டில் புதராக மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளி வகை ஒன்றை வெளுத்து வாங்கிற்று. இதைக் கண்டு 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவிலும், பிறகு 1865 அளவில் இலங்கையிலும் அதே பூச்சியைக் கள்ளியை ஒழிப்பதற்கென்றே கொண்டுவிட்டார்கள். ஒரு களையை அழிக்க மனிதன் வேண்டுமென்றே பூச்சியை ஏவி வெற்றி கண்டதற்கு முதல் உதாரணமாகத் தாவர சாஸ்திரிகள் இதையே காட்டுகிறார்கள். உதட்டைச் சிவக்கவைக்க அழைத்த விருந்தாளி, குடியானவனின் நிலத்தைத் துப்புரவாக்கிவிட்டுப் போனது!

கே: பிறந்த குழந்தைக்குக் கண்மை டப்பா வாங்கித் தரலாமா?
(வாசகர், திருச்சி)

ப: வேண்டாம். எகிப்தியர் கண்ணுக்கிட்ட கறுப்பில் ஈயக் கனிமம் இருந்தது. இன்றும் ‘சுர்மா’ என்று விற்பவற்றில் பலவற்றில் அதே ஈயம் இருக்கிறது. குழந்தையின் உடம்புக்கு ஈயம் கொடிய விஷம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியைக் குழைத்துச் செய்யும் வீட்டு மையில் ஈயம் இல்லை. அதையும் பெரியவர்கள் இட்டுக்கொள்ளட்டும். குழந்தையின் கண்ணுக்குள் எதுவும் வேண்டாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்தால் போதும்.

கே: மைசூர் சந்தன சோப்பை மகாராஜாவே கண்டுபிடித்தாராமே?
(வாசகர், ஓசூர்)

ப: முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குச் சந்தன மரம் ஏற்றுமதியாவது தடைப்பட்டு மைசூரில் மரம் குவிந்தது, 1916இல் தைலத் தொழிற்சாலையும், அதைத் தொடர்ந்து சோப்புத் தொழிற்சாலையும் பிறந்தன. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் திவான் விசுவேசுவரய்யாவின் ஊக்கமும் பெரிது, மறுக்கவில்லை. ஆயினும் மணம் மாறாத சோப்பாக அதை ஆக்கிக் காட்டியவர் ஸோஸலே கரளபுரி சாஸ்திரி என்ற ரஸாயன நிபுணர். ‘சோப்பு சாஸ்திரி’ என்றே அவரை அழைத்தார்கள். இந்தப் பெயரை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதச் சித்தமாயிருக்கிறேன்.

கே: நாத்தனார் புதுமனை புகுகிறாள். நாகரிகமாகவும் இருக்க வேண்டும், நம் மண்ணின் பொருளாகவும் இருக்க வேண்டும். ஒன்று சொல்லுங்கள்.
(வாசகி, திருநெல்வேலி)

ப: தயங்காமல் சொல்வேன்: ஆறன்முளைக் கண்ணாடி. கேரளத்தில் பம்பை நதிக்கரையில் உள்ள ஆறன்முளையில் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிக் களிமண் அச்சில் வார்த்து, நாள்கணக்காகத் தேய்த்து மெருகேற்றிச் செய்யும் உலோகக் கண்ணாடி இது. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருப்பதால் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். இதில் மேற்பரப்பே பிரதிபலிப்பதால் விரலும் பிம்பமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கடையில் அசலைச் சோதிக்க இதைவிட எளிய உபாயம் இல்லை. ஆறன்முளைக் கோயில் திருப்பணிக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன கம்மாளக் குடும்பங்களே இந்தத் தொழிலைத் தொடங்கின என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. ஆதலால் உங்கள் ஊருக்கு இது தாய்வீட்டுச் சீதனம் திரும்பி வருவதாகும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். முகப்பை விரலால் தடவாமல் மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கே: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மொய்ப் பணம் எழுதிவிட்டு வந்தால் என்ன?
(வாசகர், தேனி)

ப: தாராளமாக எழுதுங்கள், கலியாணச் செலவில் கை நெரிந்தவனுக்கு மொய்யைப் போல் உற்ற நண்பன் இல்லை. ஆனால் பொருளாகக் கொடுப்பதென்று தீர்மானித்தால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் இது எந்த ஊரில், எவர் கையால் ஆனது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஒரு சிறு சீட்டில் எழுதிப் பொருளோடு வைத்துக் கொடுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையாயிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.