எறிவோரும் ஓய்வும்

ரெட்டியார்சத்திரம் முதலிய நம் பக்கத்துச் சிற்றூர்களில், சுளுக்கிய காலிற் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே கபடிக்களம் புகும் இளைஞரைக் காண்கின்றோம். ஊர்ப்பெயர் காக்க எழும் அவ்வூக்கம் போற்றற்குரியது. ஆயினும் நோவுற்ற உடலைப் பேணும் முறையும் வீரர்க்கு வேண்டப்படுவதே. இதனை ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவின் வரலாற்றால் ஆராய்வோம்.

எறியும் விசை ஊன்றிய காலிலே தோன்றி, இடுப்பும் முதுகும் தோளும் கடந்து, இறுதியிலேயே முழங்கையை அடைகின்றது. சங்கிலியில் ஒரு கண்ணி தளரின், அதன் சுமையை ஏனைய உறுப்புக்கள் தாங்க நேரும்.

சோப்ராவின் வலது முழங்கையில் 2019 மே மாதம் அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகப் போட்டியில் அவர் கலந்துகொள்ளவில்லை. பொறுத்திருந்து, 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்.

2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் வெள்ளி வென்றபொழுது, அவருடைய கவட்டுத் தசையில் ஊறு நேர்ந்தது. 2018-இல் தாம் வென்ற காமன்வெல்த் பட்டத்தைச் சில நாட்களிற் பர்மிங்காமிற் காக்கவேண்டியிருந்தும், மருத்துவர் அறிவுரைப்படி விலகினார். ஒரு திங்கள் கழித்து, ஆகஸ்ட் 26-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 89.08 மீட்டர் எறிந்து வென்றார்.

ஆதலின், மாணவ நண்பர்களே, போட்டிப் பருவத்தில் உடம்பில் நோவு கண்டால் அதனை மறையாது அணித்தலைவர்க்கும் மருத்துவர்க்கும் உரைமின். ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தல், பல பருவங்கள் ஆடுதற்கு வழியாதலுங் கூடும்.